வறியவர் மனு

நவம்பர் 18, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கொதித்ததும் இறக்கி, ஆற்றி, ஒரு டம்ளர் குடித்தேன். டீயை விட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. வெந்நீர் வயிற்றுக்கு நல்லது என்கிறார்கள். இன்று செவ்வாய்க்கிழமை, முருகனுக்கு விரதம். சமையல் வேலை இல்லாததால் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று வக்கீல் ஆபீசுக்கு நடந்தே போனேன்.

தில்ஷாத் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் படித்தவள். பின்பெஞ்சு. இப்போது கறுப்புக் கோட்டு, சொந்தமாக ஆபீஸ், வாசலில் பெயர்ப் பலகை. ஃபீஸ் பற்றிப் பேச்செடுத்தால், "ஹோம்வொர்க் எழுதாம வந்தப்ப நீங்க எத்தன நாள் வுட்டிருக்கீங்க டீச்சர்" என்று சிரித்து மழுப்புகிறாள்.

மனுவை அடித்து வைத்திருந்தாள். முதல் பக்கத்திலேயே என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கிலச் சொல். இண்டிஜென்ட். எங்கோ படித்திருக்கிறேன், பொருள் நிச்சயமாகத் தெரியவில்லை. இருபது வருடம் ஆங்கிலம் நடத்தியவள் முன்னாள் மாணவியிடம் அதை எப்படிக் கேட்பது? அவளே புரிந்துகொண்டாள்.

"பழைய பேரு பாப்பர் மனு, டீச்சர். சீனியருங்க இன்னும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. சட்டத்துல எப்பவோ மரியாதையா மாத்திட்டாங்க. தமிழ்ல வறியவர்னு போடறோம்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். கேக்கறதுக்குக் கொஞ்சம் நல்லாருக்கு."

விஷயத்தை எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். அப்பா உயில் எழுதாமல் போனார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். வீடும் பைபாஸ் ஓரத்து நிலமும் தம்பி மயில்சாமி கையில் இருக்கின்றன. சட்டப்படி பாதி எனக்கு. கேட்டால், கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு கணக்குத் தீர்ந்தது என்கிறான். அந்த நகையெல்லாம் என் வீட்டுக்காரருடைய டயாலிசிஸுக்குப் போனது அவனுக்குத் தெரியும். அவரும் போய் ஐந்து வருடம் ஆகிறது. இப்போது நிலத்தை விற்க ஆள் பார்க்கிறான். பங்கு கேட்டு வழக்குப் போட வேண்டுமென்றால் கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட வழியில்லாதவர் வழியில்லை என்று நிரூபித்தால், கட்டணமில்லாமல் வழக்கை எடுத்துக்கொள்வார்கள். நிரூபிக்க முடியாவிட்டால் மறுபடி இப்படிக் கேட்க முடியாது. அதற்குள் நிலமும் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் பரிசாக வாங்கிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். வாழ்க்கைக்கு வேண்டியவை இல்லாதவர் என்று போட்டிருந்தது. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் இண்டிஜென்ட் ஆட்களுக்கு யாரோ போர்வை கொடுக்கிறார்கள்.

நவம்பர் 19, புதன்

அந்தச் சொல் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

எளிய ஆங்கிலத்தில் இதையே நீடி என்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம் இது: 'வீ ஷுட் ஹெல்ப் த நீடி.' தீபாவளியோ, சுதந்திர தினமோ, மரம் நடுவதோ, எந்தக் கட்டுரையானாலும் கடைசி வரியாக இதை எழுதிவிடுவார்கள். நானும் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பேன். அந்த வாக்கியத்தில் எழுதுகிறவர் எப்போதும் கொடுக்கிற பக்கம். வாங்குகிறவருக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு கும்பல். நான்தான் அது என்று எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. அந்த வகுப்பில் அப்படி எழுத வேண்டிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள். யாராவது எழுதியிருந்தால் வாக்கியம் சரியில்லை என்று சுழித்திருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஏழை என்ற சொல்லைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. முடியாதவங்க என்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரும் முடியாதவர், இல்லாதவரும் முடியாதவர்.

சர்க்காரில் இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆதரவற்ற விதவை. அந்தப் பென்ஷனுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி, அவர் இறந்த வருடமே பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா சொன்னார். விதவை என்பதைக்கூட எழுதியிருப்பேன்.

டியூஷன் பிள்ளைகள் இன்று நான்கு பேர்தான். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபோது பத்துப் பேர் வந்தார்கள். வாடகைக்குச் சரியாக இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

மனு போட்டாகிவிட்டது. கோர்ட்டில் சிரஸ்தார் கூப்பிட்டு விசாரித்தார். மேசைமேல் முறுக்குப் பொட்டலம் ஒன்று பிரித்திருந்தது. பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேரு?"

"கோகிலவாணி."

"எம்.ஏ. இங்கிலீசுன்னு போட்டிருக்குது. இத்தன படிச்சவங்களே வறியவர்னு வந்து நின்னா, படிக்காதவன் எங்கம்மா போவான்?"

தில்ஷாத் சட்டென்று சொன்னாள்: "படிப்ப ஜப்தி பண்ண முடியாதுங்களே சார்."

அவரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னென்ன ஆஸ்தி என்று வாசித்தார்கள். உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம் இவையெல்லாம் கணக்கில் சேராதாம். எப்பேர்ப்பட்ட கடனாளியிடமிருந்தும் அவற்றைப் பிடுங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அவற்றைக் கழித்தால் என்னிடம் மிஞ்சியது அகராதிதான். அதைச் சொல்லவா என்று தில்ஷாத்திடம் கேட்டேன். "சும்மா இருங்க டீச்சர்" என்றாள்.

இனி தாலுகா ஆபீசிலிருந்து வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்.

சோமவார விரதமும் ஆரம்பித்திருக்கிறேன். கார்த்திகைச் சோமவாரம் விசேஷம்.

நவம்பர் 28, வெள்ளி

விரதம். ரவிக்கை எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தேன். பழைய துணி நைந்து தொளதொளவென்று ஆகிவிடுகிறது.

டிசம்பர் 5, வெள்ளி

மயில்சாமி போன் பண்ணினான். நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஏனக்கா, உன்னைய நீயே பாப்பர்னு எழுதிக் குடுத்திருக்கறயாமா?"

"இண்டிஜென்ட்னு."

"அது என்ன எழவோ. டீக்கடையில உக்கார முடியலீக்கா. மயில்சாமியோட அக்கா சோத்துக்கில்லாம கோர்ட்டுக்குப் போயிருக்குதாமான்னு என்ற மூஞ்சிக்கு நேராவே கேக்கறானுங்க."

"பங்கக் குடுத்துரு. மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்."

"உனக்கு என்ன வேணுமோ என்றகிட்டக் கேளு. சோறு போட மாட்டனா நானு?"

"சோறு கேக்கலீடா. பங்கு கேக்கறேன்."

பின்னால் அவன் மனைவி சுகந்தி ஏதோ சொல்லிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. வைக்கும்போது பழக்கதோஷத்தில், "சாப்ட்டியாக்கா?" என்றான்.

"சாப்ட்டாச்சு" என்றேன்.

அவனுக்கு நான்கு வயதிருக்கும்போது அம்மாவுக்கு டைபாய்டு. அந்த ஒரு மாதமும் நான்தான் அவனுக்குச் சோறு ஊட்டினேன். இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு விழுங்க மாட்டான். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

வி.ஏ.ஓ. நாளைக்கு வருகிறாராம். தில்ஷாத் போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "டீச்சர், வீடு எப்பிடி இருக்குதோ அப்பிடியே வுட்டுருங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. புரியுதுங்களா?"

புரிகிறது. ஆனாலும் ஒட்டடை அடிக்காமல் விட முடியுமா? மேலே பல்லி முட்டை, கரி. அதை மட்டும் அடித்தேன். அடித்த பிறகு தரையைத் துடைக்காமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் 17, புதன்

வந்துவிட்டுப் போனார். முப்பது வயதுகூட இருக்காது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்த பிள்ளை. நல்ல பெற்றோர் வளர்த்த பிள்ளை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வருகிறவரை நிற்கவைத்தா பேசுவது? ராஜாமணி அக்கா வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கி வைத்திருந்தேன். சொந்தத்தில் ஒறம்பரை வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவரே மேசை ஒன்றையும், பூப்போட்ட விரிப்பையும், காபி டம்ளர் செட்டையும் கொண்டுவந்து கொடுத்து, "பொண்ணு கிண்ணு பாக்க வர்றாங்களாட்டம் இருக்குதுங் டீச்சர். உங்களுக்கா எனக்கா?" என்று சிரித்தார். பாலும் டிகாஷனும்கூட அவர் வீட்டிலிருந்துதான். அதிரசம் வேறு.

என்னிடம் கிழியாமல் இருக்கிற ஒரே புடவை அந்த அரக்குப் பட்டுதான். வேறு எதைக் கட்டுவது?

வி.ஏ.ஓ. காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"டியூசனெல்லாம் நல்லாப் போகுதுங்களாம்மா?"

"போகுதுங்க."

"சாப்பாட்டுக்கெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்லீங்களே?"

"நான் ஒருத்திதானுங்களே. எனக்கு என்ன வேணும்."

"தம்பி ஏதாச்சும் பாத்துக்கறாருங்களா?"

யாரோ ஒரு வெளியாள். என் காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறவர். அவரிடம் என் தம்பியைப் பற்றி நான் என்ன சொல்வது?

"தம்பி நல்லவன்தானுங்க" என்றேன்.

"சரிங்கம்மா" என்று எழுதிக்கொண்டார். போகும்போது ஒரு அதிரசத்தைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

தட்டில் இரண்டு அதிரசம் மிச்சம் இருந்தது. ராஜாமணி அக்காவிடம் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வேறு வழியில்லாமல் நானே சாப்பிட்டேன். விரதமில்லாத நாள்தான்.

டிசம்பர் 30, செவ்வாய்

ரிப்போர்ட் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. தில்ஷாத் அதை வாசித்துக் காட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

மனுதாரர் சுத்தமான, காற்றோட்டமான வீட்டில் வசிக்கிறார். மேசை நாற்காலி உள்ளன. விசாரணையின்போது பட்டுப் புடவை அணிந்திருந்தார். வந்தவரைக் காபி பலகாரத்துடன் உபசரித்தார். டியூஷன் நல்லபடியாக நடப்பதாகவும், தம்பி நல்லவர் என்றும் தெரிவித்தார். உணவுக்குச் சிரமம் எதுவும் கூறவில்லை. வறியவர் எனக் கருத இடமில்லை.

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"அதிரசமா டீச்சர்? அதிரசமா?" என்றாள்.

"வூட்டுக்கு வந்தவங்களுக்கு…"

"அவர் ஒறம்பரையா? உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதறதுக்குத்தான் வந்தாரு. எழுத நீங்க வுடல." பேனாவை மேசையில் போட்டாள். "சரி. நாற்காலியெல்லாம் எரவல்னு கோர்ட்ல சொல்லணும். பக்கத்து வீட்டம்மாவைச் சாட்சியாக் கூப்பிடலாம்."

"அது மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தில்ஷாத். நான் நல்லாருக்கறதா நெனச்சுட்டிருக்காங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது. இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் தலைசுற்றல். உட்கார்ந்துவிட்டேன். பூக்காரம்மா ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, "காலையில என்னம்மா சாப்ட்டே?" என்றாள். வெயில் அதிகம் என்றேன். அவள் தலையில் மஃப்ளர் கட்டியிருந்தாள்.

ஜனவரி 7, புதன்

ராஜாமணி அக்கா மாவு கொண்டுவந்தார். "மிஞ்சிப்போச்சுங் டீச்சர், புளிச்சாக் கீழதான் கொட்டோணும்." மாவு விற்றுப் பிழைக்கிறவருக்கு எப்படி நாள் தவறாமல் மிஞ்சுகிறது? எனக்குப் புளிப்பு ஆகாது என்று திருப்பி அனுப்பினேன்.

ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தபோது வாங்கிய சர்க்கரைக் கார்டு. அரிசி கிடையாது. மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தால் மாற்றுவார்களாம். அந்த வரிசையில் என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள்தான் நிற்கிறார்கள். போன மாதம் பாதி வழி போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

தம்பி பொங்கல் சீர் கொண்டுவந்தான்.

ஐந்து வருடமாக வராத சீர். அவர் இறந்த பிறகு ஒரு கரும்புகூட வந்ததில்லை. இன்று குட்டி வேன் ஒன்று, ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. எல்லா வீட்டிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சிப்பம் அரிசி, வாய் தைத்த முழு மூட்டை. வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பித்தளைப் பானை, தட்டில் புடவை. ஒவ்வொன்றையும் இறக்கும்போது சுகந்தி போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங். தட்டக் கையில வாங்குங். சிரிங் அண்ணி, ஸ்டேட்டஸ் வெக்கோணும்."

வாங்கினேன். சிரித்தேன் என்றும் நினைக்கிறேன். லைனில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்க, பிறந்த வீட்டுச் சீரை எந்தப் பெண் வேண்டாம் என்பாள்?

மயில்சாமி உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். முன்பக்கம் வழுக்கை விழுந்திருக்கிறது. அடுப்படியை எட்டிப் பார்த்தான். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்.

"காபி வெக்கட்டுமாடா?" என்றேன். காபித்தூள் இல்லை. ராஜாமணி அக்காவிடம் ஓடலாம் என்று நினைத்தேன்.

"வேண்டாங்க்கா. இப்பத்தான் குடிச்சோம்." பிறகு தாழ்ந்த குரலில், "என்னக்கா இப்பிடி எளச்சுப் போயிட்டே?"

"விரதம்."

"எந்நேரமுமா?"

பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து சுகந்தி, "ஏனுங், போலாங்களா? நம்ம வக்கீலு அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கறாரு" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை. நிலைப்படியில் இடித்துக்கொண்டு வெளியே போனான்.

ஜனவரி 12, திங்கள்

"வாங்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள் தில்ஷாத். தலையசைத்தேன்.

நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சரி. தொடாதீங்க. மூட்டையப் பிரிக்காதீங்க. தையல் தையலாவே இருக்கட்டும். ஊர் முன்னாடி வாங்க வேண்டியதாப் போச்சு, ஆனா அதுல ஒரு மணிகூட எடுக்கலைன்னு கோர்ட்ல சொல்லுவோம். உங்களால முடியுமில்ல?"

"அதுல என்ன கஷ்டம்" என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லைன் முழுக்க நெய் வாசனை. கரும்பு மூலையில் சாத்தியபடியே இருக்கிறது. குரு வார விரதம் என்று ராஜாமணி அக்காவிடம் சொன்னேன். "பொங்கலன்னிக்கு எந்தச் சாமிங் பட்டினி கெடக்கச் சொல்லுது?" என்று கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

மூட்டையின் அடி மூலையை எலி கடித்திருக்கிறது. ஒரு பிடி அரிசி தரையில் சிந்திக் கிடந்தது. கூட்டி அள்ளி, கல் பொறுக்கி, அதே ஓட்டை வழியாக உள்ளே தள்ளி, ஊசி நூலால் தைத்தேன். ஒரு மணிகூடக் குறையவில்லை என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும் அல்லவா. தைத்து முடித்த பிறகு பார்த்தால் என் முந்தானை மடிப்பில் ஏழெட்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் போட்டு மென்றேன். பச்சை அரிசியை மென்றால் பால் மாதிரி வரும். இதை தில்ஷாத்திடம் சொல்ல வேண்டியதில்லை.

எலிப்பொறியில் தேங்காய்த் துண்டு வைக்க வேண்டும். தேங்காய் இல்லை.

ஜனவரி 22, வியாழன்

கூண்டில் ஏறினேன். கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, நீதிபதி அம்மா, "உக்காந்துட்டுப் பதில் சொல்றீங்களாம்மா?" என்றார். வேண்டாம் என்றேன்.

மயில்சாமியின் வக்கீல் வயதானவர். குரலை உயர்த்தவே இல்லை. சொந்தக்காரர் மாதிரி, "ஏம்மா, ஏம்மா" என்றே கேட்டார்.

"ஏம்மா, உங்க தம்பி உங்களுக்குப் பொங்கச் சீர் குடுத்தாரா?"

"குடுத்தான்."

"படத்துல சிரிச்சுட்டு நிக்கறது நீங்கதானே?"

"நான்தான்."

"அரிசி, வெல்லம் எல்லாம் வீட்டுல இருக்குதா?"

தில்ஷாத் எழுந்து, மனுதாரர் அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை, மூட்டை தைத்தது தைத்தபடி இருக்கிறது என்றாள். அவர் ஆச்சரியப்பட்ட மாதிரி என் பக்கம் திரும்பினார்.

"அப்பிடியாம்மா? பிரிக்கவே இல்லியா?"

"இல்லைங்க."

"அரிசி வந்து பத்து நாளுக்கு மேல ஆகுது. பொங்கலும் போயிருச்சு. நீங்க தொடவே இல்ல." நீதிபதியின் பக்கம் திரும்பினார். "வறியவர்னா யாருங்க கனம் நீதிபதி அவர்களே? சோத்துக்கு வழியில்லாதவர். சோத்துக்கு வழியில்லாத ஒரு மனுஷி, வீட்டுல ஒரு சிப்பம் அரிசிய வெச்சுட்டு, பிரிக்காம உக்காந்திருப்பாங்களா? இந்தம்மாவுக்கு அந்த அரிசி தேவைப்படல. வேற அரிசி இருக்குது. அவ்வளவுதான்."

யாரோ பின்னால் சிரித்தார்கள்.

"ஏம்மா, ஆதரவற்ற விதவை பென்ஷனுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

அவரே பதிலும் சொன்னார்.

"ஆதரவு இருக்குதுன்னுதானே? ரேசன் கார்டு?"

"சர்க்கரைக் கார்டுங்க."

"அரிசி வேண்டாம்னு வாங்கற கார்டு" என்று நீதிபதிக்கு விளக்கினார். அவருக்கா தெரியாது.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி கூண்டில் ஏற வேண்டும். தில்ஷாத் விளக்கம் கேட்பாள். அதற்குப் பிறகு உத்தரவு.

வராந்தாவில் மயில்சாமி தூணில் சாய்ந்து நின்றான். அவன் பக்கம் பார்க்காமல் படியிறங்கினேன். "அக்கா, பாத்து" என்றான். ஒரு படி உடைந்திருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

தில்ஷாத் வீட்டுக்கே வந்தாள். முதன்முறை. நிற்கவைத்துத்தான் பேசினேன், நாற்காலி இல்லை. சுற்றிலும் பார்த்தாள். மூலையில் மூட்டை, காய்ந்த கரும்பு, கவிழ்த்த பாத்திரங்கள்.

"ஒரு வழி யோசிச்சிருக்கேன் டீச்சர். ஏன் சாப்புடலைன்னு நான் கேக்கறேன். விரதம்னு சொல்லுங்க. புருஷன் போனதுலருந்து விரதம் இருக்கேன், வாரத்துல பாதி நாள் சமைக்கறதில்ல, அதான் மூட்டை பிரிக்கலன்னு. பக்கத்துல கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க. பொருத்தமா இருக்கும்."

"பொருத்தமா இருக்கும்" என்றேன்.

"பொய்யும் இல்லையே?"

அவள் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அம்மா பிரியாணி செய்தார்களாம். இன்று ஷஷ்டி என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். வளையலைத் தொட்டு, மேலே தள்ளி, மறுபடி கீழே இறக்கினாள். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனபிறகு இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். செவ்வாய், வெள்ளி, சோமவாரம், குரு வாரம், ஷஷ்டி. ஒரு பிள்ளை கட்டுரை நோட்டில் ஒரே சொல்லை இத்தனை தடவை எழுதியிருந்தால், வேறு சொல் தெரியாதா என்று ஓரத்தில் எழுதியிருப்பேன்.

ஜனவரி 26, திங்கள்

பள்ளிக்கூடங்களில் கொடியேற்றினார்கள். மிட்டாய் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் லைன் வழியாக ஓடினார்கள். டியூஷன் இல்லை. நாள் முழுவதும் படுத்திருந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். வழக்கமான டம்ளர் தண்ணீர் இல்லை. உலைப் பாத்திரத்தில், முக்கால் அளவுக்கு.

மூட்டையின் தையலைப் பிரித்தேன். நூலின் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுத் தையலும் வந்துவிடும். சிறுவயதில் மயில்சாமிக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு மூன்று தடவை தவறியது. இரண்டு ஆழாக்கு எடுத்தேன். ஒன்று போதும், ஆனால் இரண்டாக எடுத்தேன். களைந்தேன். களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை, குடித்தேன்.

தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. ராஜாமணி அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்சம் மோர் வேண்டும் என்றேன். ஐந்து வருடத்தில் அவரிடம் நான் எனக்கென்று கேட்ட முதல் பொருள். ஒறம்பரைக்கா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மோரும் ஊறுகாயும் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பத்தரைக்குக் கூண்டில் ஏற வேண்டும். ஏன் சாப்பிடவில்லை என்று தில்ஷாத் கேட்பாள். விரதம் என்ற சொல்லை நான் சொல்லப்போவதில்லை. கார்த்திகைக்கு முன்னாலிருந்தே எனக்குச் சோற்றுக்கு இல்லை என்று சொல்லப்போகிறேன். நாற்காலியும் காபியும் இரவல். பென்ஷனுக்கு எழுதாதது வெட்கம், கார்டை மாற்றாததும் வெட்கம், மூட்டையைப் பிரிக்காததும் வெட்கம். இன்று காலை பசி தாங்காமல் அதைப் பிரித்துத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன் என்றும் சொல்லப்போகிறேன். அதை வைத்து மனுவைத் தள்ளுவார்களோ, ஏற்பார்களோ, தெரியவில்லை. மயில்சாமி தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். சீருக்கு நன்றி சொல்வேன். பங்கில் ஒரு அடி நிலத்தையும் விட்டுத்தர மாட்டேன்.

பட்டுப் புடவை கட்டவில்லை. தில்ஷாத்துக்கு போன் செய்யவில்லை. சொன்னால் தடுப்பாள், யாரிடமும் சொல்லவில்லை.

உலை கொதிக்கிறது. அரிசியைப் போட வேண்டும்.